இன்று செய்யும் கேம் 2045-இல் ஓடுமா? வேலூர், ஆம்பூர் வட்டாரத்துக் கேம் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் வீடியோ கேம் செய்யக் கற்றுக்கொண்டிருக்கும், செய்யவும் தொடங்கிவிட்ட இளைஞர்களுக்கு,



தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் இது பழைய படங்களின் காலம். 1964-இல் வந்த ‘கர்ணன்’ 2012-இல் டிஜிட்டலாகச் சீர்செய்யப்பட்டு மறுபடி வெளியாகி வசூலிலும் வென்றது. 2004-இன் ‘கில்லி’ 2024-இல் திரும்ப வந்தபோது, அது முதலில் வெளியான சமயத்தில் பிறந்தே இராத பிள்ளைகள் விசிலடித்தார்கள். கேம் உலகத்திலும் இதே அலைதான் அடிக்கிறது. உங்கள் அண்ணன்மார் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடிய ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’ 2021-இல் புதுப் பூச்சோடு புதிய கன்சோல்களுக்கு வந்தது. ஆனால் படத்தை மறுபடி ஓட்டுவதும் கேமை மறுபடி ஓட்டுவதும் ஒரே வேலை கிடையாது. நெகட்டிவ் கெடாமல் இருந்தால், அதன் வழியே ஒளி பாய்ச்சினால் படம் தெரியும். கேமோ ஒரு குறிப்பிட்ட மெஷினுக்காக, அதன் பலமும் பலவீனமும் அறிந்து எழுதப்பட்ட கட்டளைகளின் தொகுப்பு. அந்த மெஷின் போய்விட்டால் கட்டளையைக் கேட்க ஆளில்லை. அதனால்தான் பழைய கேமுக்கு எதிரி புதிய மெஷின் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது பாதி உண்மை, அதிலும் சின்னப் பாதி என்று வாதிடத்தான் இந்த மடலை எழுதுகிறேன். பெரிய பாதி வேறிடத்தில் இருக்கிறது: கேமைச் செய்து முடித்த வாரத்தில் அதைச் செய்தவர்கள் எதை எடுத்து வைத்தார்கள், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதில்.

மெஷினுக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடுவோம். தொண்ணூறுகளில் மீடியா, சாமுராய் போன்ற பெயர்களில் நம் வீடுகளுக்கு வந்த டி.வி. கேம் பெட்டிகளோடு ஒரு துப்பாக்கியும் வரும். வாத்து சுடும் ‘டக் ஹன்ட்’ அதற்கானது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையில் உள்ள ஒளி உணரி அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழும். குண்டு டி.வி.யின் படக்குழாய் வரிவரியாக ஒளியை இழுக்கும் நேரக் கணக்கை நம்பித்தான் இந்த ஏற்பாடே. இன்றைய எல்.இ.டி. டி.வி. படத்தை வாங்கி, பதப்படுத்தி, சற்றுத் தாமதித்துக் காட்டுகிறது. துப்பாக்கிக்கு ஒன்றும் தெரிவதில்லை. பிளேஸ்டேஷன் 2-இன் சங்கதி வேறு. அதன் முதன்மை நினைவகம் 32 எம்.பி.தான், ஆனால் படம் வரையும் சிப்புக்குள்ளேயே 4 எம்.பி. அதிவேக நினைவகம் இருந்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரைவது அதற்கு மலிவு என்பதால், பனி, புகை, மங்கல் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் பூசினார்கள். அந்தத் தந்திரம் வேறு சிப்பில் அப்படியே எடுபடாது. அடுத்து வந்த பிஎஸ்3-இன் ‘செல்’ சிப், நிரல் எழுதுபவர்களைப் படுத்தியெடுத்த ஒன்று. அதன் கேம்களைப் புதிய மெஷினில் ஓட்டுவதைவிடத் தூரத்துச் சர்வரில் ஓட்டி இணையம் வழியே அனுப்புவதே சுலபம் என்று சோனி முடிவுசெய்தது. 2022-இல் சோனியின் பிளேஸ்டேஷன் சந்தா விரிவாக்கப்பட்டபோது ஸ்ட்ரீமிங் உள்ள பிரீமியம் பிரிவு இந்தியாவுக்கு வரவில்லை. ஸ்ட்ரீமிங் இல்லாத டீலக்ஸ் பிரிவே வந்தது. ஆக, சந்தா கட்டியவர் ஆம்பூரில் இருந்தால், லண்டனில் இருப்பவருக்குக் கிடைக்கும் அந்தப் பழைய கேம் வரிசை இவருக்குக் கிடையாது.

இவ்வளவும் உண்மை. ஆனால் இவை எல்லாமே உழைப்பால் தீர்கிற சிக்கல்கள். துப்பாக்கிச் சிக்கலை நின்டெண்டோவே 2014-இல் வீ யூ கன்சோலில் தீர்த்தது; திரையை நோக்கி நீட்டும் ரிமோட் துப்பாக்கியின் இடத்தைப் பிடித்தது. சோனி 2018-இல் ‘பிளேஸ்டேஷன் கிளாசிக்’ என்ற குட்டிப் பெட்டியை விற்றபோது, உள்ளே ஓடியது ஆர்வலர்கள் எழுதித் திறந்த மூலமாக வைத்திருந்த ஒரு எமுலேட்டர். தன் சொந்த மெஷினைப் போலச் செய்யும் மென்பொருளை அந்தக் கம்பெனி வெளியாரிடமிருந்து எடுத்துக்கொண்டது! (அந்தப் பெட்டியின் இருபது கேம்களில் ஒன்பது, நொடிக்கு 50 முறை புதுப்பிக்கும் ‘பால்’ (PAL) முறைப் பதிப்புகளாக இருந்தன, 60-க்குப் பழகிய ஊர்களில் பெரிய கூச்சல். நாமோ பால் முறையிலேயே வளர்ந்தவர்கள், வித்தியாசம் தெரிந்திருக்காது.) மெஷின் எத்தனை விசித்திரமாக இருந்தாலும், பத்துப் பிடிவாதக்காரர்கள் பத்து வருஷம் உட்கார்ந்தால் அதன் குணத்தைப் படித்துவிடுகிறார்கள். தொலைந்த சோர்ஸ் கோடை யாரும் படிக்க முடியாது.

இங்கேதான் உங்கள் ஊர்த் தொழில் துணைக்கு வருகிறது. ஷூ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் யாரையும் கேளுங்கள். இருபது வருஷத்துக்கு முன் ஏற்றுமதியான ஒரு மாடலை வெளிநாட்டு வாடிக்கையாளர் மறுபடி கேட்டால், முதலில் தேடுவது பழைய ஷூவை இல்லை. அதன் லாஸ்ட் என்ற கால் வடிவ அச்சு, பேட்டர்ன், கட்டிங் டை, சோல் மோல்டு இவற்றைத்தான். அவை இருந்தால் தோலை மாற்றலாம், சாயத்தை மாற்றலாம், அளவு கூட்டலாம். இல்லாவிட்டால், தேய்ந்த ஒரு ஜோடியைப் பிரித்துப் போட்டு அளந்து, ஊகித்து, புதிதாகச் செய்யவேண்டும். கடையில் விற்ற டிஸ்க் என்பது முடிந்த ஷூ. சோர்ஸ் கோடு, ஓவியங்களின் மூலக் கோப்புகள், ஒலியின் தனித்தனித் தடங்கள், இவற்றையெல்லாம் சேர்த்து டிஸ்க்காக்கிய கருவிகள் ஆகியவைதான் லாஸ்ட். கோனாமி 2012-இல் ‘சைலன்ட் ஹில்’ 2, 3 இரண்டையும் எச்.டி.யாக வெளியிட்டபோது, விற்பனைக்குப் போன இறுதி வடிவத்தின் கோடு அதனிடமே முழுமையாக இல்லை. வெளியீட்டுக்கு முந்தைய, பிழை களையாத கோடைக் கொடுத்தார்கள். ஒரு தடவை திருத்திய பிழைகளை இன்னொரு குழு மறுபடி கண்டுபிடித்துத் திருத்தவேண்டி வந்தது. இரண்டாம் பாகத்தின் உயிரே பனிமூட்டம். அது விலகி, உலகம் எங்கே முடிகிறது என்பது பல்லிளித்தது. ஸ்குவேர் எனிக்ஸ் ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ முதல் பாகத்தை 2013-இல் மறுவெளியீடு செய்தபோதும், மூலத் தரவுகள் தொலைந்துபோய்ப் பலவற்றைப் புதிதாக உருவாக்கவேண்டியிருந்தது. இவை கொட்டகையில் நடக்கும் கம்பெனிகள் இல்லை. கோடிகள் புழங்கும் ஜப்பானிய நிறுவனங்கள். 2001 முதல் 2003 வரை செய்தவற்றைப் பத்துப் பதினோரு வருஷத்துக்குள் தொலைத்தன.

கோடு இருந்தால் மட்டும் போதுமா என்றால், எந்தக் கோடு என்பதும் முக்கியம். ‘வைஸ் சிட்டி’ உள்ளிட்ட மூன்று ஜிடிஏ கேம்களின் 2021 பதிப்பு, முன்பு மொபைலுக்காகச் செய்த வடிவங்களின் மேல் கட்டப்பட்டது. மொபைலுக்காக விட்டுக்கொடுத்த குறைகளும் சேர்ந்தே வந்தன. மழை கம்பிகம்பியாக விழுந்து கண்ணை மறைத்தது, கடைப் பலகைகளில் எழுத்துப்பிழைகள் முளைத்தன, அதை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் எட்டே நாளில் மன்னிப்புக் கேட்டு, கடையிலிருந்து எடுத்துவிட்ட பழைய பிசி பதிப்புகளைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொன்னது. அதைவிடப் பெரிய இழப்பு ரேடியோவில். ‘வைஸ் சிட்டி’யை ஆடியவர்களுக்கு வண்டியில் ஏறியதும் வரும் எண்பதுகளின் பாட்டுத்தான் அந்த ஊர். மைக்கேல் ஜாக்சன் பாட்டுகள் உட்படச் சில பாடல்கள் புதிய பதிப்பில் இல்லை. அவற்றை எடுத்தது எந்தச் சிப்பும் இல்லை. பாட்டுக்கான உரிமத்தின் காலம் முடிந்ததுதான் காரணம்.

உரிமைச் சிக்கல் கோடு தொலைவதைவிடக் கொடியது. கோடு தொலைந்தால் புதிதாக எழுதலாம், உரிமையைப் புதிதாக எழுத முடியாது. ‘கோல்டன்ஐ 007’ 1997-இல் வந்தது. பத்தாண்டு கழித்து எக்ஸ்பாக்ஸுக்காக ஒரு மறுபதிப்பு கிட்டத்தட்ட முடிந்தே இருந்தும் வெளிவரவில்லை. கேம் செய்த ரேர் நிறுவனம் மைக்ரோசாஃப்டுக்குப் போயிருந்தது, கேம் பிறந்த மெஷின் நின்டெண்டோவுடையது, ஜேம்ஸ் பாண்ட் வேறொருவருடையவர். எல்லோரும் ஒத்துப்போய் 2023 ஜனவரியில்தான் மூலக் கேம் மறுபடி வெளியானது. ‘சிஸ்டம் ஷாக் 2’ (1999) செய்வதில் பங்கேற்ற லுக்கிங் கிளாஸ் நிறுவனம் 2000-இல் மூடப்பட்டது. அதன் உரிமை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கோப்பில் கிடந்தது! நைட்டைவ் என்ற சிறு நிறுவனம் தேடிப் பிடித்து 2013-இல் வெளிக்கொண்டு வந்தது. அதே நைட்டைவ் ‘நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்’ (2000) என்ற கேமைத் தொட்டபோது கதை அப்படி முடியவில்லை. உரிமை இருக்கக்கூடிய மூன்று பெரிய நிறுவனங்களையும் அணுகினார்கள். தங்களிடம் உரிமை உண்டா என்பதையே யாரும் உறுதியாகச் சொல்லவில்லை, காகிதங்களைத் தோண்டிப் பார்க்கவும் முனையவில்லை, மற்றவர் வெளியிட்டால் சும்மா இருப்போம் என்றும் சொல்லவில்லை. முயற்சி கைவிடப்பட்டது. அந்தக் கேமை இன்றைய கணினியில் ஓடவைக்கும் திறமை உலகில் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, விற்பனை செய்யத்தான் வழியில்லை.

இனி நம் நாட்டுக் கேம்களுக்கு வருவோம். ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009-இல் ஹைதராபாத்தின் ஔரோனா டெக்னாலஜிஸ் பிஎஸ்2-க்குச் செய்தது, முழுக்க இந்தியாவில் உருவான முதல் கன்சோல் கேம் என்று அறிமுகமானது. அதே காலத்தில் அதே ஊரின் கேம்சாஸ்திரா, கபடியும் கில்லியும் பட்டமும் வைத்து ‘தேசி அட்டா’ செய்தது. மும்பையின் டிரைன் கேம்ஸ் ‘ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்’ கொடுத்தது. பிசியில் 2008-இல் எஃப்எக்ஸ்லேப்ஸ் செய்த ‘கஜினி’ வந்தது. இவற்றில் எதையாவது இன்று பிஎஸ்5-க்குக் கொண்டுவர வேண்டுமானால் என்னென்ன வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். ‘கஜினி’யையே எடுங்கள். கதை ஏ.ஆர். முருகதாஸ் தமிழில் எடுத்து இந்திக்குக் கொண்டுபோன படத்துடையது, முகம் ஆமிர் கானுடையது, கோடு ஒரு நிறுவனத்துடையது. இத்தனை பேரின் கையெழுத்தும் ஒரே காலத்துக்கு உயிரோடு இருந்தால்தான் மறுவெளியீடு. பாட்டும் சேர்ந்தால் சிக்கல் கூடும்: பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கா, இசையமைப்பாளருக்கா, ஆடியோ கம்பெனிக்கா என்ற வழக்குகளை நாம் வருஷக்கணக்காகச் செய்தித்தாளில் படிக்கிறோம். இளையராஜா பெயரோடு அவை வந்ததால் கவனித்தோம். கேமில் அத்தகைய பெயர் இல்லாததால் கவனிக்கவும் ஆளில்லை.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் சட்டம் இதற்கு மேலும் கூர்மையானது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவரின் படைப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கு உரியது. ஆனால் நீங்கள் சம்பளக்காரர்கள் இல்லை. ஹாஸ்டல் அறையில் சேர்ந்த நான்கு பேர் செய்யும் கேமில் கோடு ஒருவருடையது, ஓவியம் இன்னொருவருடையது, பாட்டு மூன்றாமவருடையது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் அவரவர் பங்கு அவரவரிடமே நிற்கும். படிப்பு முடிந்ததும் ஒருவர் பெங்களூருக்கும் ஒருவர் கனடாவுக்கும் போய்விடுவார்கள், பேச்சும் நின்றுபோகும். சரி, ஒப்பந்தம் போட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். உரிமை எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் பிரிவு 19(5) அதை ஐந்து ஆண்டு என்று கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் 19(6) இந்தியா மட்டும் என்று கொள்ளும். 2012 திருத்தம் பிரிவு 18-இல் இன்னொன்றும் சேர்த்தது: ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத, வணிகப் புழக்கத்துக்கு வராத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டுச் சொல்லாதவரை, அந்த உரிமை ஒப்படைப்பு செல்லாது. இது கலைஞர்களைக் காக்க வந்த நல்ல திருத்தம். பாட்டுக்காரரின் எதிர்காலத்தை ஒரு கையெழுத்தில் யாரும் விழுங்கிவிடக் கூடாது. ஆனால் கேம் செய்பவர் அதைப் படிக்காமல் ஒரு பக்கத்தில் ‘எல்லா உரிமையும் தந்தேன்’ என்று எழுதி வாங்கினால், ஆறாவது வருஷம் அந்தப் பாட்டு அவருடையது இல்லை. சிங்கப்பூரில் முதல் நாளிலிருந்தே அவருடையது இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும்: எமுலேட்டர் இருக்கிறது, பழைய கேமின் நகல் எங்கோ ஒரு தளத்தில் கிடக்கிறது, அதிகாரபூர்வ மறுவெளியீடு எதற்கு? இந்த மறுப்பை நான் அலட்சியம் செய்யவில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 விழுக்காடு கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. அவற்றில் பெரும்பாலானவை இன்று யாருக்காவது தெரிகின்றனவென்றால் ஆர்வலர்களின் புண்ணியம். நம் ஊரில் சிப் போட்ட பிஎஸ்2-உம் பர்மா பஜார் டிஸ்க்கும் இல்லாமல் ஒரு தலைமுறை கன்சோலைத் தொட்டிருக்காது. ஆனால் ஆர்வலர் காப்பாற்றுவது பிரபலமானதை. ஆயிரம் பேர் ஆடிய கேமை எவரோ ஒருவர் பிரதி எடுத்து வைப்பார். வாணியம்பாடியில் முப்பது பேர் ஆடிய கேமை யார் வைப்பார்? நம் பதிப்புரிமைச் சட்டமும் முழுத் துணை வராது. வாங்கியவர் தனக்கொரு பேக்கப் வைத்துக்கொள்ள பிரிவு 52 இடம் தருகிறது, பகிர இடம் தரவில்லை. பாதுகாப்புப் பூட்டை உடைப்பது உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் குற்றம் என்று 65ஏ சொல்வது பெரிய ஆறுதல். அதே சட்டத்தில் வணிக நோக்கில்லாத பொது நூலகம் ஒரு படைப்பை டிஜிட்டலாகச் சேமிக்கலாம் என்ற விதியும் இருக்கிறது. ஆனால் அதன் டிஜிட்டல் அல்லாத பிரதி ஒன்று நூலகத்திடம் ஏற்கெனவே இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. கேமுக்கு டிஜிட்டல் அல்லாத பிரதி ஏது? விதி எழுதியவர்கள் புத்தகத்தை நினைத்து எழுதினார்கள். மேலும், எமுலேட்டரில் ஓடும் நகலால் கேம் செய்தவருக்கு ஒரு ரூபாயும் வராது, சட்டப்படி அதைத் திருத்தித் தமிழில் வசனம் சேர்க்கவும் முடியாது.

இன்னொரு மறுப்பு சற்றுக் கசப்பானது: ‘ஹனுமான்’ போன்றவை சுமாரான கேம்கள், அவை போனால் என்ன? விமர்சகர்கள் அவற்றைப் பாராட்டவில்லை என்பது உண்மைதான். ‘ஹனுமான்’ விளையாட்டாகப் பேசப்பட்டதைவிடக் கடவுளை ஜாய்ஸ்டிக்கால் ஆட்டலாமா என்ற சர்ச்சையால் பேசப்பட்டது. தரம் பார்த்துக் காப்பாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வந்தது, இன்று பிரதி இல்லை. அது நல்ல படமா என்று கேட்கக்கூட நம்மிடம் படம் இல்லை. விளம்பரத்தையும் பத்திரிகைக் குறிப்பையும் வைத்து வரலாறு எழுதுகிறோம். 2009-இல் இந்திய இளைஞர்கள் 32 எம்.பி.க்குள் எப்படி ஒரு உலகத்தை அடைத்தார்கள் என்பது, அந்த உலகம் சுமாராக இருந்தாலும், அடுத்துச் செய்பவருக்குப் பாடம்.

காசு இல்லை, வக்கீல் வைக்க முடியாது என்பீர்கள். பெரும்பகுதிக்கு வக்கீல் தேவையில்லை. யார் எதைச் செய்தார்கள், அது யாருக்குச் சொந்தம், எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாட்டுக்கு, இன்றுள்ள கன்சோல், மொபைல், கணினி, ஸ்ட்ரீமிங் எல்லாம் பெயர் சொல்லி, ஒருவர் விலகினால் அவர் பங்கு என்னவாகும் என்பதோடு இரண்டு பக்கம் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள். இனி வரப்போகும் ஊடகத்துக்கு அந்த இரண்டு பக்கம் போதுமா என்பதை மட்டும் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள். கோடை இணையக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறோம் என்பதும் முழுப் பதில் இல்லை. நீங்கள் யூனிட்டியிலோ அன்ரியலிலோ செய்கிறீர்கள். எந்தப் பதிப்பு, எந்தெந்தப் பிளக்-இன், என்ன எழுத்துரு என்று எழுதி, அந்தப் பதிப்பின் இன்ஸ்டாலரையும் கூடவே வைக்காவிட்டால் பத்து வருஷத்தில் அந்தக் கோடு திறக்காது. எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு என்பதைத் தமிழில் கேம் செய்பவர்கள் மறந்தேவிடுகிறார்கள். டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’ ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை உலகக் கன்சோல்களுக்கெல்லாம் கொண்டுபோய், மறு ஆண்டு பாஃப்டா விருதும் வாங்கியது. அடுத்த ‘வெண்பா’ பாலாற்றங்கரையிலிருந்து வரலாம். தோல் தொழிற்சாலை ஷிஃப்டைப் பற்றியோ, அரசுப் பேருந்தைப் பற்றியோ, உருதும் தமிழும் கலந்த ஒரு தெருவைப் பற்றியோ வரலாம். வருவது 2045-இலும் ஓடவேண்டும் என்பதே என் கவலை.

கடைசியாக ஒரு கோரிக்கை, உங்களோடு உங்கள் கல்லூரிகளுக்கும். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போகவேண்டும். கேமுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. தில்லி சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. காட்பாடி வி.ஐ.டி., வேலூர் ஊரிசு, வாணியம்பாடி இஸ்லாமியா, ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் ஆகிய கல்லூரிகளின் நூலகங்கள் மனம்வைத்தால், மாணவர் செய்யும் ஒவ்வொரு கேமின் கோடு, மூலக் கோப்புகள், எஞ்சின் இன்ஸ்டாலர், உரிமை ஒப்பந்தம் நான்கையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் வாங்கி, இன்னொரு கல்லூரியில் அதன் நகலையும் வைக்க முடியும். செய்தவரின் எழுத்துபூர்வ அனுமதியோடு வாங்குவதால் சட்டச் சிக்கலும் இல்லை. இந்தப் பருவத்தில் பிராஜெக்டை ஒப்படைக்கும்போது, உங்கள் பேராசிரியரிடமும் நூலகரிடமும் இதைக் கேளுங்கள். அவர்கள் யோசிப்பதற்குள் அந்த இரண்டு பக்க ஒப்பந்தத்தையாவது எழுதி, நால்வரும் கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள்.